மறு: 'நிழலில்லா நாள்' வேண்டாம், 'நிழலொடுக்கம்' ஆகட்டும்

> பினாங்கு அன்பர் எழுதியது: 'நிழலில்லா நாள்' என்று நாளிதழ்களே எழுதத் தொடங்கிவிட்டன. புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா.

நாளிதழில் வந்துவிட்டது என்பதற்காக அந்தச் சொல்லை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மார்ச் 28 அன்று கோலாலம்பூர் செந்தூலில், எங்கள் அடுக்குமாடியின் பூப்பந்துத் திடலில், கதிரவன் நேர் உச்சிக்கு வரும் இந்த நிகழ்வைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். "மேகம் மூடிய நாளும் நிழலில்லா நாள்தானே?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். சரியான கேள்வி. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அவளுக்குப் பதில் சொல்ல முடியாது.

உண்மையில் அன்று நிழல் இல்லாமல் போவதும் இல்லை. தரையில் வைத்த மைலோ டின்னின் நிழல் டின்னுக்கு அடியிலேயே மறைந்துகொண்டது. பக்கத்தில் போட்ட முக்காலிக்கோ, கால்களுக்கு நடுவே இருக்கையின் அளவுக்கு வட்டமாக, கரிய நிழல் கிடந்தது. கதிரவன் நேர் உச்சிக்கு வரும்போது நிழல் பொருளின் அடியில் ஒடுங்குகிறது. ஆகவேதான் 'நிழலொடுக்கம்' என்கிறேன்.

'நாள்' என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. பகல் பன்னிரண்டு மணிக்கே திடலுக்கு ஓடிவந்த பிள்ளைகள், நட்டுவைத்த 30 செ.மீ. அடிக்கோலுக்கு 10 செ.மீ.க்கு மேல் நிழல் இருப்பதைப் பார்த்து முகம் வாடிப்போனார்கள். மலேசியாவில் நம் கடிகாரம் 120 பாகை கிழக்கு நெடுங்கோட்டைப் பின்பற்றுகிறது. 1982 ஜனவரி 1 முதல் அப்படித்தான். கோலாலம்பூரோ அதற்கு மேற்கே, 101.7 பாகையில் இருக்கிறது. அதனால் அன்று இங்கே உச்சிப்பொழுது 1:18 அளவில்தான் வந்தது. மறுநாள் அதே உச்சிப்பொழுதில் ஒரு மீட்டர்க் கம்புக்கு ஏறத்தாழ 7 மி.மீ. நிழல்தான் விழும், கண்ணுக்கு அதுவும் ஒடுக்கமே. எனவே அந்தக் கணத்துக்கு 'நிழலொடுங்கு நேரம்' என்றும், நிகழ்வுக்கு 'நிழலொடுக்கம்' என்றும் கொள்ளலாம்.

'ஒடுக்கம்' என்றதும் ஒடுக்குமுறை நினைவுக்கு வருகிறது என்று இன்னோர் அன்பர் தயங்கியிருந்தார். ஒடுக்குவது வேறு, தானே ஒடுங்குவது வேறு. அடங்கு, அடக்கம் ஆவதுபோல ஒடுங்கு, ஒடுக்கம் ஆகிறது. 486ஆம் குறளில் 'ஊக்கமுடையான் ஒடுக்கம்' வருகிறதே! பாய்வதற்கு முன் பின்வாங்கும் ஆட்டுக்கடா அங்கே உவமை. நம் நிழலும் அப்படித்தான். மார்ச் 28க்கு முன் உச்சிப்பொழுதில் வடக்கே விழுந்த நிழல், ஒடுங்கி, பிறகு தெற்கே நீளத் தொடங்குகிறது. செப்டம்பர் நடுவில் மறுபடி ஒடுங்கி வடக்கே திரும்பும். இந்த அசைவு 'இல்லா' என்ற சொல்லில் எங்கே தெரிகிறது?

ஹவாயில் 1990இல் பிஷப் அருங்காட்சியகம் இதற்கென்றே போட்டி வைத்து 'லஹைனா நூன்' (கொடுங்கதிரவனின் நண்பகல்) என்ற பெயரைத் தேர்ந்தெடுத்தது. கதிரவன் மூளையின்மேல் அமர்கிறது என்பது அந்த மக்களின் பழைய வழக்கு. மண்டையைப் பிளக்கும் வெயில் என்று நாமும் சொல்கிறோமே.

பினாங்கில் ஏப்ரல் 3 வாக்கில், பகல் 1:22 அளவில், உங்கள் முறை வருகிறது. வாசலில் ஒரு முக்காலி போட்டு, பேரப்பிள்ளைகளை அழைத்துக் காட்டுங்கள் ஐயா. அவர்கள் என்ன சொல்லிக் கூவுகிறார்கள் என்பதை அப்படியே இங்கே எழுதுங்கள். அதைவிட நல்ல சொல் கிடைத்தால் என் சொல்லை விட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
செந்தூலிலிருந்து