மறுமொழி: ‘மெரெங்கே தீப்பிக்கோ’வுக்கு ‘நாட்டுப்புற மெரெங்கே’ பொருந்துமா?

வணக்கம்.

டொமினிக்கன் குடியரசின் அக்கார்டியன் இசையான ‘மெரெங்கே தீப்பிக்கோ’வை தமிழில் ‘நாட்டுப்புற மெரெங்கே’ என்று வழங்கலாம் என நண்பர் முன்மொழிந்திருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பிறப்பை மட்டும் பார்த்தால் அச்சொல் சரியே. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியுடன் நடந்த புகையிலை வணிகத்தின் வழியே அந்நாட்டின் வடபகுதியான சிபாவோ வட்டாரத்துக்கு வந்த பொத்தான் அக்கார்டியன், தம்போரா என்னும் இருமுக முரசோடும் குயிரா என்னும் உலோகச் சுரண்டியோடும் சேர்ந்து, சிற்றூர்க் கொண்டாட்டங்களில் உருவாக்கிய இசை அது. ஆனால், அந்நாட்டுச் சர்வாதிகாரி துருகியோ 1961இல் கொல்லப்பட்ட பின்னர் டொமினிக்கர்கள் பெருந்திரளாக நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தபோது, இவ்விசையும் அவர்களோடு சென்று, புருக்ளின், குயின்ஸ் பகுதிகளின் உணவகங்களிலும் இரவு விடுதிகளிலும் நிலைகொண்டது. புகழ்பெற்ற அக்கார்டியன் கலைஞர் தாத்திக்கோ என்ரீக்கெஸ் காலத்திலேயே மின் பாஸ் கித்தாரும் கொங்கா முரசும் குழுவில் சேர்ந்துவிட்டன. நியூயார்க்கில் பிறந்து வளர்ந்த இளைஞர்கள் வாசித்து வளர்க்கும் ஓர் இசையை ‘நாட்டுப்புற’ என்றால், படிப்பவர் அதை ஊரோடு நின்றுபோன ஒன்றாகவே எண்ணுவார்.

ஆகவே ‘மரபு மெரெங்கே’ என்பதே என் பரிந்துரை. ‘மரபு’ என்பதும் பழமையைத்தானே சுட்டும் என்று கேட்கலாம். மரபுக்கவிதையை இன்றைய கவிஞர்களும் எழுதுகிறார்கள் என்பதால் அச்சொல் நமக்குத் தடையாகாது.

கருவியின் பெயரில் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். வெறுமனே ‘அக்கார்டியன்’ என்றால், நம் திரையிசையில் பழகிய, பியானோக் கட்டைகள் கொண்ட கருவியே நினைவுக்கு வரும். சிபாவோக் கலைஞர்கள் வாசிப்பது இரண்டு வரிசைப் பொத்தான்கள் கொண்டது. அதில் ஒரே பொத்தானை அழுத்திக்கொண்டு துருத்தியை உள்ளே தள்ளினால் ஒரு சுரமும், வெளியே இழுத்தால் வேறொரு சுரமும் எழும். விரைவான பண்களில் துருத்தியின் திசையை நொடிக்கு நொடி மாற்ற வேண்டியிருப்பதால்தான் அவ்விசைக்கு அந்த வெட்டியெடுத்த துடிப்பு அமைகிறது. எனவே ‘இருசுரப் பொத்தான் அக்கார்டியன்’ என வழங்கலாம்.

இவ்விசைக்கு வழங்கும் ‘பெரிக்கோ ரிப்பியாவ்’ என்ற இன்னொரு பெயரையும் பதிவில் சேர்க்கலாம். ஆனால் கலைஞர் பலர் அதை இழிவாகக் கருதி ‘தீப்பிக்கோ’ என்பதையே விரும்புகிறார்கள் என்பதால், அது தலைச்சொல்லாக வேண்டாம், குறிப்போடு கூடிய மாற்றுப் பெயராக மட்டும் இருக்கட்டும்.