155 சிசி ஸ்போர்ட்ஸ் பைக்: முன் பிரேக்கில் எதை முதலில் மாற்ற வேண்டும்?

கேள்வி: மார்த்தாண்டம்155

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2019-இல் வாங்கிய, முழு ஃபேரிங் (பிளாஸ்டிக் வெளியுறை) கொண்ட 155 சிசி ஸ்போர்ட்ஸ் பைக் இருக்கிறது. முன்பக்கம் ஒரே டிஸ்க்; பேட்களை (உரசிப் பிடிக்கும் கட்டைகளை) அதன் மேல் அழுத்தும் காலிப்பரில் இரண்டு பிஸ்டன். இரு சக்கரங்களுக்கும் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டி வழுக்காமல் தடுக்கும் கருவி) உண்டு. இதுவரை 41,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வாரத்தில் ஆறு நாள் தக்கலை வழியாக நாகர்கோவிலுக்கு வேலைக்குப் போய் வருகிறேன்.

சென்ற மாதம் தம்பியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கேரளத்தின் பொன்முடி மலைக்குப் போயிருந்தேன். ஏறும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. இறங்கும்போது, 22 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் கடந்த நிலையில், முன் பிரேக் லீவர் பஞ்சுபோல் இளகி, விரல்கள் ஆக்ஸிலரேட்டர் பிடியைத் தொடும் அளவுக்கு உள்ளே போய்விட்டது. பின் பிரேக்கையும் கியரையும் கொண்டு ஒருவழியாக வேகத்தைக் குறைத்து ஓரமாக நிறுத்தினேன். அரை மணி நேரம் ஆறவிட்டதும் லீவர் பழையபடி இறுகிவிட்டது. அன்றிலிருந்து அந்த வண்டியின் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அது தவிர, மழை நாளில் முதல் அழுத்தத்துக்கு பிரேக் பிடிப்பதே இல்லை.

கேடிஎம் ஆர்சி 390-இல் வரும் 320 மில்லிமீட்டர் டிஸ்க்கையும் நான்கு பிஸ்டன் ரேடியல் காலிப்பரையும் பழைய உதிரிபாகக் கடையில் வாங்கிப் பொருத்தலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். பத்தாயிரம் ரூபாய் வரை செலவழிக்கத் தயாராக இருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: கோட்டாறு பட்டறை

தம்பி, பணத்தை எடுக்கும் முன் நீங்கள் எழுதியதையே மறுபடி வாசித்துப் பாருங்கள். நோயின் பெயர் அதிலேயே இருக்கிறது. சூட்டில் பிரேக் தோற்பது இரண்டு வகை. லீவர் இறுக்கமாகவே இருந்து வண்டி மட்டும் நிற்காமல் போனால், பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது என்று பொருள். லீவரே இளகி உள்ளே போய், ஆறிய பிறகு தானாகத் திரும்பினால், காலிப்பருக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழ்கள் உண்டாகியிருக்கின்றன. திரவம் அழுத்தத்தை அப்படியே கடத்தும். ஆவியோ சுருங்கிக் கொடுத்துவிடும். உங்களுக்கு நடந்தது இரண்டாவது வகை.

பிரேக் ஆயிலின் தர வகைகளுள் ஒன்றான டாட் 4 புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரவிதி. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது, நீர் 3.7 சதவீதம் சேர்ந்துவிட்டால் கொதிநிலை 155 டிகிரி வரை இறங்கலாம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் நனைக்கும் நம் மாவட்டத்தில் ஈரத்துக்குக் குறைவே இல்லை. லீவரோடு இணைந்த, ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டரின் பக்கவாட்டில் உள்ள சிறு கண்ணாடியை வெளிச்சத்தில் பாருங்கள். புது ஆயில் வெளிர் தேன் நிறத்தில் இருக்கும். கருப்பட்டிக் காப்பி நிறத்தில் தெரிந்தால், அது பல ஆண்டுகளாக மாற்றப்படாதது என்று துணிந்து சொல்லலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். திறந்து வைத்த பழைய பாட்டிலிலிருந்து ஊற்ற விடாதீர்கள்; உங்கள் கண்முன் சீல் உடைக்கச் சொல்லுங்கள். விரும்பினால் டாட் 5.1 போடலாம், அதன் கொதிநிலை புதிதில் குறைந்தது 260 டிகிரி, ஈரம் சேர்ந்த பிறகு 180. ஆனால் பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிடக் கூடாது. அது சிலிகான் வகை. மற்றவற்றோடு சேராது, ஏபிஎஸ் வண்டிக்கும் ஆகாது.

இனி உங்கள் நண்பர் சொன்ன யோசனைக்கு வருகிறேன். ரேடியல் காலிப்பரைப் பிடிக்க, முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் அடிப்பகுதியிலேயே அதற்கான காதுகள் வார்க்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் ஃபோர்க்கில் அவை இல்லை. கடைசல் பட்டறையில் ஒரு தகட்டை வெட்டி இடையில் கொடுத்துப் பொருத்துவார்கள். முழு பிரேக் விசையும் அந்தத் தகட்டின் மீதும் இரண்டு போல்ட்டுகள் மீதும் விழும். அப்படிப் பொருத்தித் தருமாறு என்னிடம் கேட்டு வந்த பலரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். டிஸ்க் பெரிதானால் கிடைக்கும் பலனும் நினைப்பதைவிடக் குறைவுதான்: 280 மில்லிமீட்டரை 300 ஆக்கினால், பேட் அழுத்தும் இடத்தின் ஆரம் கூடுவதால் பிரேக் விசை ஏறத்தாழ 8 சதவீதம் உயரும், அவ்வளவே. கொதித்த ஆயிலுக்கு அது மருந்தல்ல.

மழையில் முதல் அழுத்தம் பிடிக்காததற்குப் பேட் காரணமாக இருக்கலாம். ஆர்கானிக் பேட், அதாவது நார்களைப் பிசினால் பிணைத்துச் செய்தது, நனைந்தால் பிடிக்கத் தாமதிக்கும். சின்டர்டு பேட், அதாவது உலோகத் துகள்களை அழுத்திச் சுட்டுச் செய்தது, ஈரத்திலும் சூட்டிலும் நன்றாக நிற்கும். டிஸ்க்கைச் சற்று விரைவாகத் தேய்க்கும் என்பதே அதன் குறை. 41,000 ஓடிய டிஸ்க் என்பதால், பேட் வாங்கும் முன் அதன் தடிமனை மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். எவ்வளவு தேயலாம் என்ற எல்லை டிஸ்க்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் முதல் செலவு டிஸ்க்குக்குத்தான்.

மறுமொழி 2: குளச்சல் கடற்கரைச் சாலை

பட்டறை அண்ணாச்சி சொன்னதோடு இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறேன். இரண்டையும் என் வண்டியிலேயே பார்த்தேன்.

முதலாவது, காலிப்பர் நகரும் பின்கள். ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் உள்ள காலிப்பர், இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்துதான் மறுபக்கப் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் ரப்பர் உறை கிழிந்து, பின் துருப்பிடித்து இறுகிவிடும். அப்போது ஒரு பேட் மட்டும் வேலை செய்யும். அது சீக்கிரம் தேய்வதோடு, டிஸ்க்கை விட்டு முழுதாக விலகாமல் உரசிச் சூட்டையும் ஏற்றும். கழற்றிப் பார்த்தபோது என் வண்டியில் உள்பக்கப் பேட் ஒரு ரூபாய் நாணயத்தின் தடிமனில் இருந்தது. வெளிப்பக்கப் பேட் பாதிகூடத் தேயவில்லை. பின்னைத் துடைத்து, பிரேக்குக்கென விற்கும் சிலிகான் கிரீஸ் மட்டுமே தடவ வேண்டும். சாதாரண கிரீஸும், கழுவ எடுக்கும் பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். பிஸ்டனைச் சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷும் கொண்டு துலக்கிய பிறகே உள்ளே தள்ள வேண்டும். அழுக்கோடு தள்ளினால் சீல் கிழியும்.

இரண்டாவது, நான் செய்த பிழை. இரட்டை டிஸ்க் கொண்ட பெரிய வண்டியின் 16 மில்லிமீட்டர் மாஸ்டர் சிலிண்டரை, 12.7 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் பொருத்தினேன். லீவர் கல்லைப் பிடிப்பதுபோல் இறுகியிருந்ததால் பிரேக் பலமாகிவிட்டது என்று மகிழ்ந்தேன். உண்மையில் பிஸ்டனின் பரப்பு ஏறத்தாழ 59 சதவீதம் கூடியிருந்தது. அதே அழுத்தத்தை உண்டாக்க என் கை அந்த அளவுக்கு அதிக விசை கொடுக்க வேண்டியிருந்தது. திங்கள்சந்தை அருகே ஒரு பள்ளி வேன் குறுக்கே திரும்பியபோது, முழுப் பலத்தோடு பிடித்தும் வண்டி அதன் கதவுக்கு ஒரு சாண் தள்ளித்தான் நின்றது. மறுநாளே பழையதை மாட்டிவிட்டேன்.

மறுமொழி 3: தக்கலை ரைடர்

பிரேக் ஆயில் போகும் ஹோஸைப் பற்றி யாரும் எழுதவில்லையே. ரப்பர் ஹோஸ் அழுத்தத்தில் சற்று உப்பும். வயதாக ஆக இன்னும் கூடும். உள்ளே டெஃப்லான் குழாயும் வெளியே துருப்பிடிக்காத எஃகுக் கம்பிப் பின்னலும் கொண்ட ஸ்டீல் பிரெய்டட் ஹோஸ் போட்டால், விரல் கொடுக்கும் அழுத்தம் வீணாகாமல் காலிப்பருக்குப் போய்ச் சேரும். பிரேக்கின் உச்ச பலம் கூடிவிடாது. எவ்வளவு பிடிக்கிறோம் என்பது விரலுக்குத் துல்லியமாகத் தெரியும். எனக்கு அதுவே பெரிய மாற்றமாக இருந்தது.

125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயமானது 2018 ஏப்ரலில் புதிய மாடல்களுக்கும், 2019 ஏப்ரலில் மற்ற எல்லாவற்றுக்கும். ஆகவே உங்கள் வண்டியில் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஏபிஎஸ் பெட்டிக்கு ஒன்று, அங்கிருந்து காலிப்பருக்கு ஒன்று என இரண்டு ஹோஸ்கள் வேண்டும். ஒரே ஹோஸில் வேலையை முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் ஏபிஎஸ்ஸைத் துண்டிக்கப் போகிறார் என்று அறிந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். நனைந்த தார்ச்சாலையில் நம்மைக் காப்பாற்றும் கருவி அது. அதை இழந்து பெறும் எந்த மேம்பாடும் வேண்டாம்.

பின்னலுக்கு மேல் பிளாஸ்டிக் உறை உள்ளதாக வாங்குங்கள். வெறும் கம்பிப் பின்னல் ஃபேரிங்கை அரம்போல் அறுக்கும். ஹோஸின் முனையை இணைக்கும் பாஞ்சோ போல்ட்டில், அந்த முனையின் இருபுறமும் புதுச் செம்பு வாஷர் போட வேண்டும். ஹேண்டிலை இருபுறமும் கடைசி வரை திருப்பி, ஹோஸ் இழுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏர் எடுத்த பிறகும், அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றிய பிறகும், லீவர் இளகியே இருந்தால், ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று தங்கியிருக்கலாம். அதை வெளியேற்ற, கம்ப்யூட்டர் இணைப்புள்ள சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும்.

மார்த்தாண்டம்155

பதில் தந்த அனைவருக்கும் நன்றி. நேற்று கோட்டாறு அண்ணாச்சியின் பட்டறைக்கே வண்டியைக் கொண்டுபோனேன். ஆயில் கருப்பட்டிக் காப்பியைவிடக் கறுப்பாக இருந்தது. காலிப்பரின் கீழ்ப்பின் துருவேறி அசையவே இல்லை. உள்பக்கப் பேட் இரும்புத் தகடு தெரியும் நிலைக்கு வந்திருந்தது. நல்லவேளையாக டிஸ்க் எல்லைக்குள் இருந்தது. ஆயில், சின்டர்டு பேட், பின், ரப்பர் உறை ஆகியவற்றை மாற்றினோம். இப்போது லீவர் பாதித் தூரத்திலேயே நின்றுவிடுகிறது. புதுப் பேடை உடனே முழுதாக நம்பலாமா?

மறுமொழி: கோட்டாறு பட்டறை

நம்ப வேண்டாம், தம்பி. பேட் டிஸ்க்கில் படிய வேண்டும். வண்டி நடமாட்டம் இல்லாத நேராக உள்ள சாலையில், 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை நிதானமாகக் குறையுங்கள். பிடித்தபடியே முழுதாக நிற்காமல் மீண்டும் வேகமெடுங்கள். இப்படி இருபது முறை செய்து, இடையிடையே ஆறவிடுங்கள். அதன் பிறகும் முதல் 200 கிலோமீட்டருக்குப் பின்னால் ஆள் ஏற்றாதீர்கள். மலை இறங்கும்போது இரண்டாம் கியரில் இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும்; பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்திவிட்டு விடுங்கள், இறக்கம் முழுக்க லேசாகப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். ஆயில் மாற்றிய தேதியை ஒரு சிறு ஸ்டிக்கரில் எழுதி, மாஸ்டர் சிலிண்டரின் மூடியில் ஒட்டியிருக்கிறேன்; கவனித்தீர்களா?