மறுமொழி: பார்க்காமல் சொல்வதற்கு என்ன சொல்?

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

பினாங்கு ஐயாவின் மடல் வந்த நாளிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்காக நாம் தயாரிக்கும் பயிற்சி அட்டைகளில், பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுப் பாடத்தை வாய்விட்டுச் சொல்லும் செயலுக்கு இப்போது மூன்று அட்டையில் மூன்று சொல் இருக்கிறது. ஒன்றாக்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. எந்த ஒன்று என்பதில்தான் நான் ஐயாவிடமிருந்து விலகுகிறேன்.

> 'நினைவோதல்' என்று புதிதாக ஆக்கிக்கொள்ளலாம். ஓதுதல் என்றாலே வாய்விட்டுச் சொல்வது வந்துவிடுகிறது.

காதுக்கு நன்றாக இருக்கிறது ஐயா. ஆனால் 'ஓதுதல்' நம்மிடம் ஏற்கெனவே நிறைய வேலை பார்க்கிறது. ஆத்திசூடியின் 'ஓதுவது ஒழியேல்' படிப்பை விடாதே என்றுதான் சொல்கிறது. பார்க்காமல் சொல் என்று அல்ல. கோயிலில் ஓதுவார் இருக்கிறார். மலேசிய இந்து சங்கம் நடத்துவது திருமுறை ஓதும் விழா. நீங்கள் இருக்கும் ஜார்ஜ்டவுனில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கம் யாரைக் கேட்டாலும் குர்ஆனையும் ஓதுவதாகத்தான் சொல்வார்கள், அதை எதிரே விரித்து வைத்துக்கொண்டு. 1961 முதல் கோலாலம்பூரில் நடந்துவரும் அனைத்துலகக் குர்ஆன் ஓதும் போட்டியையே பாருங்கள். பார்த்து இசையோடு ஓதுவது 'திலாவா' என்று ஒரு பிரிவு. பாராமல் ஓதுவது 'ஹஃபாசான்' என்று வேறு பிரிவு. இரண்டும் ஓதுதல்தான், திறன்கள் வேறு. வழிபாட்டின் மணம் ஏறிய சொல்லை ஆண்டு 3 அறிவியல் அட்டையில் போட்டால், நீர்ச் சுழற்சியை ஒரு பிள்ளை 'ஓதுகிறது' என்று எழுத வேண்டிவரும். எனக்கு அது ஒட்டவில்லை.

> பள்ளிகளில் 'மனனம்' நிலைத்துவிட்டது. திருக்குறள் மனனப் போட்டி என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு ஏன் மாற்ற வேண்டும்?

அக்கா, போட்டியின் பெயரை நான் தொடவே இல்லை. அது பழகிய பெயர், இருக்கட்டும். ஆனால் மனனம் உள்ளே நடப்பது. நாம் பெயர் தேடுவது வெளியே வருவதற்கு. அதோடு, அந்தச் சொல்லுக்கு முதலில் இருந்த பொருளே வேறு. சிரவணம் (கேட்டல்), மனனம், நிதித்தியாசனம் (ஆழ்ந்து ஊன்றுதல்) என்று வேதாந்தம் சொல்லும் வரிசையில் மனனம் என்பது கேட்டதைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்ப்பது. சைவ நூல்கள் அந்த இடத்தில் 'சிந்தித்தல்' என்றே தமிழில் சொல்கின்றன. சிந்தித்தலுக்கான சொல் நெட்டுருவுக்குப் போய்விட்டது என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருக்கிறது.

'பாராயணம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தொடக்கம் முதல் முடிவு வரை சொல்லி முடிப்பது. கையில் புத்தகம் இருந்தாலும் பாராயணம்தான். நமக்கு உதவாது.

> 'ஒப்புவித்தல்' என்றால் கிளிப்பிள்ளை நினைவுதான் வருகிறது. இந்தக் காலத்து ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள்.

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். என் வாக்கு இந்தச் சொல்லுக்கு.

ஒப்புவித்தல் என்பதன் நேர்ப்பொருள் கையில் சேர்ப்பது. நம்பிக் கொடுத்த பொருளை உரியவரிடம் ஒப்புவிக்கிறோம். பாடத்தை ஒப்புவிப்பதும் அதேதான். ஆசிரியர் கொடுத்ததைக் குறையாமல் கூடாமல் அவரிடமே திருப்பிச் சேர்க்கிறது பிள்ளை. வாங்கிக்கொள்ள ஒருவர் எதிரே இருந்தாக வேண்டும், சரியா தவறா என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நினைவோதலிலோ மனனத்திலோ அந்த இரண்டாவது ஆள் இல்லை. நம் அட்டையின் உயிரே அவர்தான். பிள்ளை சொல்லச் சொல்ல, புத்தகத்தைப் பார்த்தபடி, விட்ட இடத்தில் நிறுத்துகிற தோழனோ அம்மாவோ தாத்தாவோ.

நம் மொழியில் இந்தக் கொடுக்கல் வாங்கல் வேறு இடங்களிலும் தெரிகிறது. மாணவன் ஆசிரியரிடம் 'பாடம் கேட்டான்' என்றால் கற்றான் என்று பொருள். அதே ஆசிரியர் மறுநாள் வகுப்பில் 'பாடம் கேட்டார்' என்றால் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொன்னார் என்று பொருள். சின்ன வயதில் எங்கள் வகுப்பில் "இன்னிக்கு டீச்சர் பாடம் கேப்பாங்க" என்றாலே எல்லோருக்கும் வயிறு கலங்கும். யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பது நாள்தோறும் புரண்டாலும் சொல் ஒன்றுதான். 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து எண்ணினால், 200 ஆண்டுக்கு மேல் இந்த நாட்டு வகுப்பறைகளில் புழங்கியிருக்கும் பழக்கத்தைத்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

கிளிப்பிள்ளை என்ற குறை நியாயமானது. ஆனால் அந்தக் குறைக்கு உரிய சொல் 'நெட்டுரு'. பொருள் தெரியாமல் உருப்போட்டதைக் குறை சொல்ல அது இருக்கிறது. அதன் பழியை ஒப்புவித்தல் ஏன் சுமக்க வேண்டும்? அதேபோல், கற்றதை விரித்துரைக்கத் தெரியாதவரை மணமில்லாத மலர் என்கிறார் வள்ளுவர். விரித்துரைத்தல் வேறு திறன், அதற்குத் தனி அட்டை உண்டு. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் திணிக்க வேண்டாம்.

ஒப்புவித்தலால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஆய்வுகள். 1917-இல் அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் கேட்ஸ் பள்ளிப் பிள்ளைகளை வைத்துச் செய்து பார்த்தார். பொருளில்லாத அசைகளைக் கொடுத்துவிட்டு, சிலரை நேரம் முழுவதும் படிக்கவிட்டார். சிலரை 5-இல் 1 பங்கு நேரம் மட்டும் படித்துவிட்டு, மீதி நேரம் பார்க்காமல் சொல்லிப் பார்க்கச் செய்தார். உடனே கேட்டபோது முதல் கூட்டத்துக்கு நூற்றுக்கு 35 நினைவிருந்தது, இரண்டாவதற்கு 74. நான்கு மணி நேரம் கழித்து 15-உம் 48-உம். பொருளுள்ள வாழ்க்கைக் குறிப்புகளில் வித்தியாசம் குறைவு: உடனே 35, 42, நான்கு மணி நேரத்துக்குப் பின் 16, 26. பொருள் தானே கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

2006-இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்ததில் இன்னொன்று தெரிந்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவர்கள்தான் முன்னே: அவர்களுக்கு நூற்றுக்கு 81, பார்க்காமல் நினைவுகூர்ந்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டால், பார்க்காமல் ஒருமுறை நினைவுகூர்ந்தவர்கள் 56, திரும்பப் படித்தவர்கள் 42. தேர்வுக்கு முதல் நாள் இரவு புத்தகத்தோடு உட்காரும் பிள்ளைக்கு எல்லாம் தெரிந்ததுபோல் இருப்பதும், அப்புறம் ஒரு வாரத்தில் காணாமல் போவதும் இதனால்தான். அந்த மாணவர்கள் எழுதிக் காட்டினார்கள், வாயால் சொல்லவில்லை. வாய்விட்டுச் சொல்வதால் வரும் நன்மை தனி. கனடாவில் மெக்லியோடும் உடன் ஆய்ந்தவர்களும் 2010-இல் அதைக் காட்டினார்கள். ஒப்புவித்தலில் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன.

இதை எழுதும்போதுதான் ஒன்று உறைத்தது. நம் பள்ளிகளில் தேர்வுக்கு முன் செய்வதை 'மீள்பார்வை' என்கிறோம். மறுபடி பார் என்று சொல்லே பிள்ளையிடம் சொல்லிவிடுகிறது. நாம் சொல்ல வேண்டியதோ பாராதே என்பது! பிரிக்பீல்ட்ஸ் பக்கம் யாழ்ப்பாண வழி வந்த வீடுகளில் "பாடமாக்கினாயா? பாராமல் சொல்லு பார்ப்போம்" என்பார்கள். அந்தப் 'பாராமல்' மிக அருமையான சொல். கேட்க ஆளில்லாமல் பிள்ளை தனியே மூடி வைத்துச் சொல்லிப் பார்ப்பதற்கு 'பாராமற் சொல்லல்' என்றே வைக்கலாம். ஆள் வந்து உட்கார்ந்துவிட்டால் ஒப்புவித்தல்.

இன்னொன்றையும் பிரிக்க வேண்டும். இது எனக்கு வீட்டிலிருந்து தெரிந்தது. பக்கவாதம் வந்த பிறகு என் அம்மாவுக்குப் பேச்சு போய்விட்டது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வராது, தண்ணீர் என்று கேட்க வராது. ஆனால் விளக்கேற்றியதும் கவசத்தை முதலடியிலிருந்து கடைசிவரை சொல்வார். நடுவில் நிறுத்தி அடுத்த அடி என்னம்மா என்றால் வராது, மறுபடி முதலிலிருந்துதான். பேச்சுப் பயிற்சி தந்த பெண் கிழமைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னார், தடையின்றி வந்தது. இன்று என்ன கிழமை என்றார். அம்மா என் முகத்தைப் பார்த்தார். பேச்சிழந்தவர்களிடமும் வசவு போன்ற தானாக வரும் சொற்கள் எஞ்சி நிற்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே லண்டன் மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சன் எழுதியிருக்கிறார்.

அம்மா சொன்னதை நான் ஒப்புவித்தல் என்று எழுத மாட்டேன். யாரும் கேட்கவில்லை, யாரிடமும் சேர்க்கவில்லை. நாவே தன் தடத்தில் ஓடியது. 'செந்தமிழும் நாப்பழக்கம்' என்ற அடியிலிருந்து எடுத்து, அதை 'நாப்பழக்கப் பேச்சு' என்று சொல்லலாமா? நம் அட்டைக்கு இப்போது தேவையில்லைதான். ஆனால் பேச்சுப் பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்கும் தோழி இந்தக் குழுமத்தில் இருக்கிறார், அவருக்காகச் சொல்லி வைக்கிறேன்.

ஐயா, நீங்கள் ஒப்புக்கொண்டால் அட்டையின் தலைப்பு 'ஒப்புவித்தல்' என்று இருக்கட்டும். வினை வடிவில் 'ஒப்புவி' என்று முழுதாகவே அச்சிடலாம். பிள்ளைகள் 'ஒப்பி' என்று சொன்னால் திருத்த வேண்டாம், பேச்சில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். எதிரே உட்காருபவரை இப்போதைய வரைவில் 'கண்காணிப்பாளர்' என்று போட்டிருக்கிறோம். தேர்வு மண்டபம்போல் இருக்கிறது, அதை மட்டும் கட்டாயம் மாற்றுவோம். 'பாடம் கேட்பவர்' போதும்.

சனிக்கிழமை காலை அட்டைகள் அச்சுக்குப் போகின்றன. மறுப்பு இருந்தால் வெள்ளி இரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
செந்தூல், கோலாலம்பூரிலிருந்து