அம்மாயி வீட்டுக் குழு: கறுத்த சங்கிலி

செல்வி சித்தி: தோட்டத்து லயம் தீப்பிடித்துவிட்டது, ஆனால் எல்லோரும் பள்ளிக்கூட ஹாலில் நல்லபடியாக இருக்கிறோம். அம்மா தேத்தண்ணி குடித்துவிட்டாள். சாம்பலைக் கிளறியதில் என் கல்யாணத்துக்குப் பெரிய அண்ணன் போட்ட சங்கிலி கிடைத்தது. ஆனால் கறுத்துப்போய்க் கிடக்கிறது. படம் போட்டிருக்கிறேன்.

ராஜா (கத்தார்): உயிர் தப்பியதே போதும் சித்தி. எத்தனை காம்பரா (லயத்து வீடு) எரிந்தது?

செல்வி சித்தி: ஆறு. லயத்தில் பாதி.

பதுளை பெரியம்மா: பவுண் எங்கேயாவது கறுக்குமா? கல்யாணத்தன்றே அந்த நிறத்தைப் பார்த்து எனக்குச் சந்தேகம்.

சுதா: பெரியம்மா இப்போது இது தேவையா

பெரிய மாமா: மூன்று பவுண். கொழும்பு செட்டியார் தெருவில் வாங்கினேன். பில் இருந்தது.

பதுளை பெரியம்மா: பில்லை யார் பார்த்தது

பெரிய மாமா: சரி அக்கா.

ஜெயா டீச்சர்: மாமா, குழுவை விட்டுப் போய்விடாதீர்கள். பெரியம்மா, இதைத் தயவுசெய்து முழுதாக வாசியுங்கள். சுத்தத் தங்கத்தைக் காற்றில் எவ்வளவு சூடாக்கினாலும் அது ஒட்சிசனோடு சேராது. ஆனால் நகை சுத்தத் தங்கம் இல்லை. 22 கரட் என்றால் 24 பங்கில் 22 பங்குதான் தங்கம். மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். 8 கிராம் பவுணில் தங்கம் 7.3 கிராம் அளவுதான். நெருப்பில் அந்தக் கொஞ்சச் செம்பு ஒட்சிசனோடு சேர்ந்து கறுப்புச் செப்பொட்சைட்டாக மேலே படிந்திருக்கிறது. கறுத்தது செம்பு. தங்கம் அப்படியே இருக்கிறது. பத்தர் பொடி வைத்து ஊதும்போதும் நகை இப்படித்தான் கறுக்கும். தண்ணீர் கலந்த ஐதான அமிலத்தில் போட்டு எடுத்ததும் பளிச்சென்று வந்துவிடும். கறுப்பை மட்டும் பார்த்து ஒருவரைக் கள்ளன் ஆக்க முடியாது.

சின்ன மாமா: பொடி வைத்து ஊதுவது பத்தர் மட்டும் இல்லையே

சுதா: மாமா!!

பதுளை பெரியம்மா: யாரைச் சொல்கிறாய் தம்பி

ராஜா (கத்தார்): அம்மாயியின் செப்புக் குடம் என்ன ஆனது?

செல்வி சித்தி: இருக்கிறது. கரி மாதிரி கறுப்பு. தட்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. உள்ளே சிவப்பு.

ஜெயா டீச்சர்: பார்த்தீர்களா, அதே கறுப்புத்தான். குடம் முழுக்கச் செம்பு என்பதால் தடிப்பாகப் படிந்திருக்கிறது. பொருக்கு உதிர்ந்த பிறகு புளி போட்டுத் தேயுங்கள், மிச்சமும் கரைந்துவிடும்.

சின்ன மாமா: தேயிலைச் செடி வெட்டும் என் கவ்வாத்துக் கத்தி பிடி எரிந்து கிடந்தது. அலகு கருஞ்சாம்பல் நிறம். துருவா ஜெயா?

ஜெயா டீச்சர்: இல்லை மாமா. துருவுக்குத் தண்ணீரும் வேண்டும். இது சூட்டில் வந்த இரும்பு ஒட்சைட்டு. ஆனால் அலகின் பதம் போயிருக்கும். கொல்லனிடம் கொடுக்காமல் கவ்வாத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கவி: அக்கா, சோற்றுச் சட்டி உருகி அடுப்படியில் கட்டியாகக் கிடக்கிறது. எந்த உலோகம் வேகமாகத் தாக்கமடையும் என்று காட்டும் தாக்கவீதத் தொடரில் அலுமினியம் செம்புக்கு மேலே அல்லவா? அப்படியென்றால் அது எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டுமே?

ஜெயா டீச்சர்: நல்ல கேள்வி கவி! அலுமினியம் செம்பை விட ஆசையாக ஒட்சிசனைப் பிடிக்கும். ஆனால் பிடித்த உடனே மெல்லிய, இறுக்கமான ஒட்சைட்டுத் தோல் ஒன்று மூடிக்கொள்ளும். அதைத் தாண்டிக் காற்று உள்ளே போகாது. 660 பாகை செல்சியசில் உலோகம் உருகிய பிறகும் அந்தத் தோல் பை மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். கட்டியைத் தடவிப் பார், மேலே சுருக்கம் சுருக்கமாக இருக்கும். மகனீசியத்துக்கு இப்படிக் காப்பு இல்லை. நாடாவைப் பற்றவைத்தால் கண் கூசும் வெள்ளை ஒளியோடு எரிந்து தூளாகிவிடும்.

ராஜா (கத்தார்): ஓ/எல் பரீட்சை எப்போது கவி? புத்தகமும் எரிந்துவிட்டதா?

கவி: எல்லாம்

ஜெயா டீச்சர்: நான் கொண்டுவருகிறேன். பழைய வினாத்தாளும் சேர்த்து.

செல்வி சித்தி: கூரைத் தகரத்தில் வெள்ளையாகத் தூள் பூத்திருக்கிறதே

ஜெயா டீச்சர்: தகரத்தின் நாக (துத்தநாக) பூச்சு ஒட்சைட்டாகிவிட்டது. சூட்டில் மஞ்சளாக இருந்து ஆறினால் வெள்ளையாகும். பூச்சுப் போன தகரத்தைத் திரும்பப் போடாதீர்கள் சித்தி, மழைக்குத் துருப்பிடித்துவிடும்.

சின்ன மாமா: புதுத் தகரம் யார் தருவது? கிராம சேவகர் நாளைக்கு வருகிறாராம்.

பதுளை பெரியம்மா: அது இருக்கட்டும். கறுத்ததில் நிறை குறையாதா?

ஜெயா டீச்சர்: ஒட்சிசன் வந்து சேர்வதால் நிறை ஒரு துளி கூடும் பெரியம்மா. 24 கிராம் மகனீசியம் எரிந்தால் 40 கிராம் வெள்ளைத் தூள் வரும். சங்கிலியில் செம்பு கொஞ்சம் என்பதால் தராசில் தெரிவதே கஷ்டம். பத்தரிடம் உரைத்துப் பார்த்தால் கரட் தெரிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அட்டன் டவுனுக்குக் கொண்டுபோகலாமா?

பெரிய மாமா: நான் வரவில்லை.

செல்வி சித்தி: அண்ணே, 26 வருடம் கழுத்தில் போட்டிருந்தேன். ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா? நீ வந்தால்தான் நான் போவேன்.

பதுளை பெரியம்மா: ஞாயிற்றுக்கிழமை எனக்கும் அட்டனில் ஒரு வேலை இருக்கிறது.

பெரிய மாமா: எத்தனை மணிக்கு

செல்வி சித்தி: குடத்தைத் தான்தான் தேய்ப்பேன் என்கிறாள் அம்மா. வரும்போது யாராவது புளி கொண்டுவாருங்கள்.