லிங்க் சிலது திறக்கிறது, சிலது திறக்கவில்லை: உதவி தேவை

அரைகுறை_கோடர்
வணக்கம் மக்களே. ஜெமினி என்ற எளிய இணையப் புரோட்டோகாலைப் (பக்கங்களைக் கேட்டு வாங்கும் விதிமுறை; ஏஐ ஜெமினி இல்லை) பார்த்து எனக்கென்று ஒரு குட்டி புரோட்டோகால் எழுதுகிறேன். பக்கத்தை அனுப்பும் சர்வர், வாங்கிக் காட்டும் கிளையன்ட் இரண்டும் நானே எழுதியவை. பக்கம் வருகிறது, தலைப்பெல்லாம் சரியாக விழுகிறது. லிங்க் மட்டும் சிலது திறக்கிறது, சிலது திறக்கவில்லை. கோடில் தப்பு எதுவும் தெரியவில்லை. நாளைக்கு ஒருத்தருக்குக் காட்ட வேண்டும், அவசரம்.

திண்ணை
சிலது என்றால் எது? திறக்கிற வரி ஒன்று, திறக்காத வரி ஒன்று, இரண்டையும் கோப்பில் இருக்கிறபடியே ஒட்டுங்கள். திறக்காதபோது சர்வர் என்ன எண் அனுப்புகிறது?

பூட்டுசாவி
இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ்தான், சந்தேகமே வேண்டாம். ஜெமினியில் அது கட்டாயம். சர்டிபிகேட்டில் ஹோஸ்ட் பெயர் பொருந்துகிறதா பாருங்கள். ஜெமினிக்கான 1965 போர்ட் திறந்திருக்கிறதா?

திண்ணை
பக்கம் வருகிறது என்கிறாரே. சர்டிபிகேட் மக்கர் செய்தால் முதல் பக்கமே வந்திருக்காது.

பூட்டுசாவி
ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு திறக்க வேண்டும். இரண்டாவதில் சொதப்பலாம். எனக்கு அப்படித்தான் ஆனது.

ஆதிகால_மோடம்
தம்பி, ஜெமினியின் ஸ்பெக் (விதி ஆவணம்) படித்தீர்களா? லிங்க் வரியின் இலக்கணமே ஒரே வரிதான். அதைக்கூடப் படிக்காமல் புரோட்டோகால் எழுதக் கிளம்பினால் இப்படித்தான் இருக்கும். இங்கே வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த ரகம்.

அரைகுறை_கோடர்
திறப்பது:
=> சமையல் /சமையல்
திறக்காதது:
=> மழைக்கால குறிப்புகள் /மழை
51 வருகிறது. ஜெமினியில் முகவரி முன்னால் வரும். அது பார்க்க நன்றாக இல்லை என்று பெயரை முன்னால் வைத்தேன். குறிக்கு அப்புறம் இருப்பதை இடைவெளியில் வெட்டி, இரண்டாவது துண்டை முகவரியாக எடுக்கிறேன். இதெல்லாம் தேவைப்படுமா?

திண்ணை
இதுதான் தேவைப்பட்டது. 51 என்றால் சர்வர் கேட்டதைத் தேடிப் பார்த்து 'இல்லை' என்று பதில் சொல்லிவிட்டது, எனவே டிஎல்எஸ்ஸை விட்டுவிடலாம். உங்கள் இரண்டாவது வரியை வெட்டினால் இரண்டாவது துண்டு 'குறிப்புகள்'. சர்வரிடம் அதைத்தான் கேட்கிறீர்கள். பெயர் ஒரே சொல்லாக இருந்தால் திறக்கும், இரண்டு சொல் ஆனால் திறக்காது.

ஜெமினியில் முகவரி முன்னால் இருப்பதில் வசதியே இதுதான். முகவரிக்குள் இடைவெளி வரக்கூடாது, பெயருக்குள் எத்தனை வேண்டுமானாலும் வரலாம். முகவரி முதலில் இருந்தால், அதற்கு அப்புறம் வரும் முதல் இடைவெளியிலேயே எல்லை தெரிந்துவிடும். மிச்சம் முழுக்கப் பெயர். பெயரே இல்லையென்றால் முகவரியையே காட்டிவிட்டால் ஆயிற்று. வாசகர் கண்ணில் எது படுகிறது என்பதைக் கிளையன்ட் பார்த்துக்கொள்ளும். கோப்பில் எந்த வரிசையில் இருந்தால் என்ன?

கடைசிவெட்டு
பெயர் முன்னால்தான் வேண்டும் என்றால் கடைசி இடைவெளியில் வெட்டலாமே? வரிசையை மாற்ற வேண்டியதே இல்லை.

திண்ணை
ஓடும். ஆனால் வரி முடிவில் தெரியாமல் ஒரு இடைவெளி விழுந்தால் முகவரி காலி. அதை முதலில் சீவ வேண்டும். அப்புறம் யாராவது முகவரியை மறந்து பெயரை மட்டும் எழுதினால் கடைசிச் சொல் முகவரி ஆகிவிடும்.

எலிவளை
கோஃபர் என்ற பழைய மெனு புரோட்டோகாலில் 1993-லேயே தீர்த்த விஷயம் இது. அதன் விதி ஆவணம் ஆர்எஃப்சி 1436 பாருங்கள்: வகை எழுத்து, உடனே பெயர், டேப், செலக்டர் (எதைக் கேட்கிறோம் என்பது), டேப், ஹோஸ்ட், டேப், போர்ட். பெயர் முன்னால்தான் இருக்கிறது, எந்தக் குழப்பமும் இல்லை. டேப் போடுங்கள் தம்பி.

திண்ணை
ஃபோன் கீபோர்டில் டேப் எங்கே இருக்கிறது? எடிட்டர் பாதி நேரம் டேப்பை இடைவெளியாக மாற்றிவிடும், பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. கோஃபரில் மெனு தனி, கட்டுரை தனி. கட்டுரைக்கு நடுவே லிங்க் போட வழியே இல்லை. மெனுவில் சும்மா நாலு வார்த்தை எழுதுவதற்கே அந்த ஆர்எஃப்சியில் இல்லாத 'ஐ' (i) என்ற வகை எழுத்தைப் பிற்பாடு கொண்டுவர வேண்டியிருந்தது.

எலிவளை
அது குறையில்லை. படிப்பது வேறு, தேர்ந்தெடுப்பது வேறு.

நடுவரி
இரண்டு பேருமே பழங்காலத்தில் இருக்கிறீர்கள். வரிக்கு ஒரு லிங்க் என்பதே கொடுமை. மார்க்டவுனில் அடைப்புக்குறி போட்டு லிங்க் வைப்பது மாதிரி வாக்கியத்துக்கு நடுவில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆதிகால_மோடம்
வந்துவிட்டார். ஜெமினிப் பக்கம் எழுதும் வடிவமான ஜெம்டெக்ஸ்டில் வரியின் முதல் மூன்று எழுத்தைப் பார்த்தாலே அது என்ன வரி என்று தெரிந்துவிடும். நடுவில் லிங்க் வைத்தால் ஒவ்வொரு எழுத்தாகத் தேட வேண்டும், வெறும் எழுத்தாக வரும் அடைப்புக்குறிக்கு எஸ்கேப் (தனி அடையாளம்) வேண்டும். முகவரிக்குள்ளேயே அடைப்புக்குறி இருந்தால் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு மாதிரி நடந்துகொள்ளும். பார்சர், அதாவது வரியைப் பிரித்துப் படிக்கும் நிரல், எழுதிப் பார்த்தவருக்குத் தெரியும்.

நடுவரி
பார்சர் எழுதுகிறவர் ஒருவர், படிக்கிறவர் பலர். யாருக்காகக் கஷ்டத்தைக் குறைக்கிறோம்?

ஆதிகால_மோடம்
சோல்டர்பங்க் என்பவர் 2019-ல் ஜெமினியைத் தொடங்கியபோதே, தனி ஆள் ஒருவர் சில நாளில் கிளையன்ட் எழுத முடிய வேண்டும் என்பதுதான் எண்ணம். அது பிடிக்கவில்லை என்றால் வெப் இருக்கிறது, தாராளமாகப் போகலாம்.

அரைகுறை_கோடர்
முகவரியை முன்னால் போட்டேன், திறக்கிறது. நன்றி திண்ணை அண்ணா. 'மழை பாட்டு' என்று ஒரு கோப்பு, அது மட்டும் இன்னும் 51.

திண்ணை
கோப்பின் பெயரிலேயே இடைவெளி இருக்கிறதல்லவா. 'மழை' வரைக்கும் முகவரி, 'பாட்டு' பெயர் என்று எடுத்துக்கொள்ளும். லிங்க் வரியில் இடைவெளிக்குப் பதில் %20 போடுங்கள், சர்வர் அதைத் திருப்பி மாற்றிக் கோப்பைத் தேடட்டும். கோப்பின் பெயரிலேயே இடைவெளிக்குப் பதில் சிறு கோடு (-) போட்டுவிட்டால் இன்னும் நிம்மதி.

கூடவே ஒன்று. தமிழில் கோப்புப் பெயர் வைக்கிறீர்கள். எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட், %20 மாதிரி சதவீதக் குறியாக மாற்றினால் 9 பைட். 'தமிழ்' என்பதில் புள்ளி, இகரக் குறியோடு சேர்த்து 5 குறியீடு, அதுவே 45 பைட் ஆகிவிடும். ஜெமினியில் முகவரிக்கு 1024 பைட்தான் வரம்பு. அதே வரம்பை நீங்களும் வைத்திருந்தால் நீளமான தலைப்பை அப்படியே கோப்புப் பெயராக்காதீர்கள்.

பூட்டுசாவி
எதற்கும் சர்டிபிகேட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

எலிவளை
டேப் போட்டிருந்தால் %20 பேச்சே வந்திருக்காது. செலக்டருக்குள் இடைவெளி தாராளமாக வரலாம்.

கடைசிவெட்டு
கோடர், 'மழை பாட்டு' திறந்ததா? எனக்கும் அதே மாதிரி ஒரு கோப்பு இருக்கிறது, %20 போட்டும் 51தான். சர்வரில் எந்த இடத்தில் மாற்றினீர்கள், பாதையைப் பிரிக்கும் முன்னாலா, அப்புறமா?