புதுப்பிப்பு: பென்சில்வேனியா குவேக்கர் மூதாதை, தேதிக் குழப்பம் தீர்ந்தது

குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த என் மூதாதையர் குடும்பத்தில், தாய் இறந்து நாலு மாதம் கழித்துப் பிள்ளை பிறந்ததாகப் பதிவு சொல்கிறதே என்று முன்பு கேட்டிருந்தேன். பதிவு சரிதான், நான் வாசித்த விதம்தான் தப்பு.

ஏட்டில் இருப்பது: தாய் மறைவு, 12-ஆம் மாதம் 1698. பிள்ளை பிறப்பு, 4-ஆம் மாதம் 1698. குவேக்கர்கள் மாதங்களைத் தெய்வப் பெயர்களால் அழைக்காமல் எண்ணால்தான் எழுதினார்கள். பிரிட்டனும் அதன் குடியேற்றங்களும் நாட்காட்டியை மாற்றிய 1752-க்கு முன் முதல் மாதம் மார்ச். ஆகவே 4 ஜூன், 12 பிப்ரவரி. மாதத்தை மட்டும் திருத்தி ஆண்டை அப்படியே விட்டேன். மார்ச் 25-இல் புத்தாண்டு பிறந்த காலம் அது. அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1699. பிள்ளைக்கு எட்டு மாதம் ஆனபிறகே தாய் இறந்திருக்கிறார்.

முதல் மாதத் தேதிகளில்தான் கூடுதல் கவனம் வேண்டும். 1 முதல் 24 வரை ஆண்டு எதுவென்று ஐயம் வரும். ‘1698/9’ என்று (பழைய கணக்கில் 1698, நம் கணக்கில் 1699) இரட்டை ஆண்டு இல்லாவிட்டால், ஏட்டில் மேலும் கீழும் உள்ள பதிவுகளைப் பாருங்கள். குறிப்பேட்டில் மாற்றிய தேதியோடு மூல வாசகத்தையும் எழுதி வையுங்கள். இல்லையென்றால் அடுத்தவர் மறுபடி இரண்டு மாதம் தள்ளிவிடுவார்.

அடுத்துத் திருமணச் சான்று. வந்திருந்த எல்லோரும் சாட்சியாகக் கையெழுத்திடுவார்கள். மணமக்கள் பெயருக்குக் கீழே, பெரும்பாலும் வலப்பக்க வரிசையில் உறவினர். தாயின் பிறந்த வீட்டை அங்கேதான் தேட வேண்டும். ஸ்வார்த்மோர், ஹேவர்ஃபோர்டு கல்லூரிகளின் குவேக்கர் ஆவணத் தொகுப்புகளில் தொடங்கலாம்.