ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தை மக்களிடம் கேட்டுத் தயாரித்த அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். அக்டோபர் 2 கிராம சபையில் அடுத்த நிதியாண்டுக்கான கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் பேச்சுக்கு வரும். எங்கள் ஊரில் வழக்கம் என்னவென்றால், பட்டியல் முன்பே தயாராகிவிடும்; சபையில் வேகமாக வாசித்துக் கையெழுத்து வாங்குவார்கள். ஊராட்சிகளின் திட்டங்களைப் பதிவேற்றும் அரசு இணையதளமான இ-கிராம் சுவராஜில் பழைய திட்டங்களை எடுத்துப் பார்த்தோம். சிமென்ட் சாலை, சாக்கடை, மறுபடியும் சிமென்ட் சாலை!

இந்த முறை சபைக்கு முன்பே தெருத்தெருவாகக் கேட்கலாம் என்று சிலர் சேர்ந்திருக்கிறோம். தரையில் கோலப்பொடியால் ஊர் வரைபடம் போட்டு, தண்ணீர் வராத குழாய், எரியாத விளக்கு, தூர்ந்த வாய்க்கால் எல்லாவற்றையும் மக்களையே குறிக்கச் சொல்வார்களே, அதை யாராவது நடத்தியிருக்கிறீர்களா? ஒரே இடத்தில் எல்லாரையும் கூட்டுவதா, காலனியில் தனியாக நடத்துவதா? சேர்த்து வைத்தால் பெரிய தெருக்காரர்கள் குரல்தான் கேட்கும் என்பது என் பயம்.

நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை எந்த நேரத்தில் கூட்டினால் வருவார்கள்? மகளிர் குழுக்கள் தயாரிக்கும் வறுமைக் குறைப்புத் திட்டத்தையும் இதில் இணைக்க வேண்டும். எங்கள் குழுக்களில் பலருக்கு அது தெரியவே இல்லை.

முக்கியமாக, மக்கள் சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறுவதை எப்படி உறுதிசெய்தீர்கள்? தமிழில் கேள்வித்தாள் வைத்திருப்பவர்கள் இங்கேயே படம் எடுத்துப் போடுங்கள். கையால் எழுதியதானாலும் சரி.